மாப்ளே, மொதல்ல பிளக்கைப் பாரு

என்ன மாப்ளே, யுபிஎஸ்ஸுக்கு எலுமிச்சம்பழமும் பச்சமொளகாயும் கோத்துக் கட்டிருக்க? திருஷ்டியாக்கும்? செக்காலை ரோட்டுல தடுக்கி விழுந்தா ஒரு ஜெராக்ஸ் கடை. அதுல ஒங்கடையப் பாத்துத்தான் ஊருக்கே கண்ணு அவிஞ்சு போச்சோ?

போன வாரம் வைரஸுன்ன. அப்பறம் விண்டோஸ் அப்டேட்டுன்ன. நேத்து, "சைனா சாமான் அப்படித்தான் மாமா"ன்னு தத்துவம் பேசுன. இன்னைக்கு எலுமிச்சம்பழம். நாளைக்கு வாஸ்துக்காரர் வருவாரு, கல்லாப்பெட்டியத் தெக்க திருப்பச் சொல்லி ஐநூறு ரூவா வாங்கிட்டுப் போவாரு. அம்புட்டுப் பேரு மேலயும் பழி போட்டாச்சு. அந்தா, மேசைக்கடியில சுவத்துல தொங்குது பாரு பிளக்கு, அதுகிட்ட மட்டும் இன்னும் விசாரிக்கல.

சரி, ஒரு டீ சொல்லு. சர்க்கரை கம்மியா. எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதுப்பா, நான் ஒயர்மேன். கானாடுகாத்தான், கோனாபட்டு, தேவகோட்டைன்னு எத்தன செட்டியார் வீட்டுல ஒயரிங் மாத்திருக்கேன் தெரியுமா? பர்மா தேக்குச் சட்டத்துக்குள்ள துணி சுத்துன ஒயர ஓட்டி வச்சிருப்பாய்ங்க. தொட்டா ரப்பர் பொடிப்பொடியாக் கொட்டும், ஆனா ஆச்சி, "அய்யா காலத்துல போட்டது, அப்படியே இருக்கட்டுமே"ம்பாங்க. ஒங்கடையும் அப்படியாப்பட்ட ஒரு வீட்டு முகப்புலதான நடக்குது? வாடகை கம்மின்னு சந்தோசப்பட்டுக்க. அந்தக் கம்மி எங்கன்னு நான் காட்டுறேன்.

வியாதிய மறுபடி சொல்லு. கம்ப்யூட்டர் காலைலருந்து நல்லா ஓடுது. டைப் அடிக்கிற, சிட்டா எடுக்குற, நடுவுல படமும் பாக்குற. பாக்கலன்னு சொல்லாத, கண்ணாடியில தெரியுது. பிரிண்ட்னு அமுக்குன ஒடனே யுபிஎஸ் கீச்சுனு ஒரு கத்து, டொக்குனு ஒரு சத்தம், திரை கருப்பு. அழகப்பா யுனிவர்சிட்டிக்கு அசைன்மெண்ட் கட்ட வந்த பொண்ணு கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்குது. நீ பிரிண்டர் மண்டையில ரெண்டு போடு போடுற. அது என்ன பாவம் பண்ணுச்சு?

குனி. தொப்பை இடிச்சாலும் பரவால்ல, குனிஞ்சு பாரு. யுபிஎஸ் முதுகுல மூணு ஓட்டை. ஒண்ணுல சிபியு, ஒண்ணுல மானிட்டர், மூணாவதுல என்ன சொருவிருக்க? பிரிண்டர். ஓட்டை இருந்தா நெரப்பியே ஆகணும்னு வேண்டுதலா?

இப்பக் கேளு. யுபிஎஸ் மேல 600 விஏன்னு போட்டிருக்கான். அதப் பாத்துட்டு 600 வாட்டுன்னு நெனச்சுக்காத. இந்த ரகத்துல நெசமாத் தாங்குறது 360 வாட்டுதான். சிபியுவும் மானிட்டரும் சேந்து நூறு, நூத்தம்பதத் தின்னுரும். ஒன் லேசர் பிரிண்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு நெனச்ச? மைப்பொடியத் தாள்ல தூவி, சூடான உருளையில குடுத்து உருக்கி ஒட்டுது. அந்த உருளை கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டுக்குப் போகணும், அதுவும் நீ அமுக்குன சில விநாடிக்குள்ள. அப்ப அது இழுக்குற இழுப்பு 500 வாட்டையும் தாண்டிரும். கடை டியூப்லைட்டே ஒரு கண் சிமிட்டுமே, கவனிச்சதில்ல? எங்க கவனிக்க, படத்துல சண்டைக் காட்சியில்ல ஓடிருக்கும்.

அந்த இழுப்புல வோல்டேஜு தொபுக்கடீர்னு எறங்குது. எறங்குறதப் பாத்து யுபிஎஸ் என்ன நெனைக்குது? கரண்டு போயிருச்சுன்னு நெனைக்குது. டொக்குனு பேட்டரிக்கு மாறுது. அங்க பேட்டரி செத்துக் கெடக்கு. முடிஞ்சுச்சு கதை. பிரிண்டர்லயும் கோளாறு இல்ல, கம்ப்யூட்டர்லயும் கோளாறு இல்ல. ரெண்டையும் ஒரே ஓட்டைப் படகுல ஏத்துன ஒனக்குத்தான் எலுமிச்சம்பழம் சுத்திப் போடணும்.

பிரிண்டரப் புடுங்கி சுவத்து பிளக்குல நேரா மாட்டு. அந்த மல்டி பிளக்குல இல்லப்பா, நேரா சுவத்துல. யுபிஎஸ் பெட்டியோட ஒரு சின்ன புஸ்தகம் வந்திருக்குமே, லேசர் பிரிண்டரை இதுல மாட்டாதேன்னு பெரும்பாலும் அதுலயே எழுதியிருப்பான். அந்தப் புஸ்தகம் எங்க? மேசை ஆடுதுன்னு காலுக்கு அண்டக் குடுத்திருக்க. சரி, எதுக்காவது ஒதவுச்சு.

அந்த மல்டி பிளக்கக் கழட்டி மோந்து பாரு. கருகின வாடை அடிக்குதா? ஓட்டை ஓரத்துல பழுப்பா ஒரு வளையம் தெரியும் பாரு. உள்ள இருக்க பித்தளைப் பட்டை தளந்து, பின்னு லூசாகி, பொறி பறந்து பறந்து வந்த வளையம் அது. இதப் பாக்காமத்தான் நாலு நாளா கம்ப்யூட்டர் மெக்கானிக்க வரவச்சு, ராம மாத்து, சாஃப்ட்வேர மாத்துன்னு செலவழிச்சிருக்க. முப்பது ரூவா சாமானுக்கு மூவாயிரம் ரூவா வைத்தியம்.

இப்பப் பேட்டரிக்கு வருவோம். இதுலதான் எனக்கு வயித்தெரிச்சலே. ஊரு எந்த ஊரு? 1948 ஜூலை 25ஆம் தேதி நேரு வந்து கல்லு நட்டுட்டுப் போன ஊரு. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வரட்டும்னு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூவா பணமும் தூக்கிக் குடுத்தாரு. அந்தக் காலத்து 15 லட்சம்! 1953 ஜனவரி 14ஆம் தேதி ராதாகிருஷ்ணன் வந்து தொறந்து வச்சாரு. ஊர்ல அதுக்குச் சிக்ரின்னு பேரு, சொன்னா பால்காரனும் வழி காட்டுவான். பேட்டரிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஆராயுறதுக்குன்னே விஞ்ஞானிகள கூட்டி வச்சிருக்க எடம். அது இருக்க ஊர்ல, நீ ஒரு செத்த பேட்டரிய வருசக்கணக்கா யுபிஎஸ் வயித்துல வச்சுக்கிட்டு திருஷ்டி கழிக்கிற. அழகப்பச் செட்டியார் பாத்தா நெலத்தத் திருப்பிக் கேப்பாரு.

உள்ள இருக்கது 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-அவர் ஈய அமில பேட்டரி. அதுக்கு ஆயுசு ரெண்டு வருசம், மிஞ்சினா மூணு. அதுவும் 25 டிகிரி சூட்டுல வச்சுப் பாத்தா. சூடு பத்து டிகிரி ஏறினா ஆயுசு பாதியாக் கொறையும்னு கணக்கு வச்சிருக்காய்ங்க. சித்திரையில காரைக்குடி வெயிலு எம்புட்டு? அதுல நீ யுபிஎஸ்ஸ எங்க வச்சிருக்க, பிரிண்டர் பின்னாடி சுவத்தோட ஒட்டி, மேல ஒரு கட்டு பழைய பேப்பர். அதுக்கு மூச்சு விட எடமே இல்ல. இன்னொண்ணு, பேட்டரி எறங்குன மேனிக்கே நாள்கணக்காக் கெடந்தா தகட்டுல ஈய சல்பேட் கெட்டியாப் படிஞ்சு போகும். அப்பறம் எம்புட்டு சார்ஜ் போட்டாலும் ஏறாது. நீ பங்குனித் திருவிழாவுக்குக் கடைய அடைச்சு மெயின ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போன பாரு, அப்பவே பாதி உசுரு போயிருக்கும்.

செத்திருக்கான்னு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர மாட்டி சோதிக்காத. ஒரு 60 வாட்டு குண்டு பல்ப யுபிஎஸ்ல மாட்டு, சுவத்து சுவிட்ச அணை. பல்பு பத்து நிமிசம் நின்னு எரிஞ்சா பேட்டரிக்கு உசுரு இருக்கு. கீ கீன்னு கத்தி ரெண்டு நிமிசத்துல அணைஞ்சா, அது என்னய மாதிரி திண்ணையில உக்காந்திருக்க பெரிசு, சத்தம் மட்டுந்தான் போடும். மூடியக் கழட்டிப் பாத்தா பேட்டரி ரெண்டு பக்கமும் வயிறு ஊதி நிக்கும். அப்படி இருந்தா அத நோண்டாத, வேற வாங்கு. பழசக் காயலாங்கடையில எடைக்குப் போடாம பேட்டரிக்கடையிலயே குடு, வெலையில கழிப்பான். பழைய பேட்டரிய முறையாத் திருப்பி வாங்கணும்னு 2022ல சட்டமே போட்டிருக்கு. புதுசு மாட்டுன தேதிய மார்க்கர்ல பேட்டரி மேலயே எழுது. ஒன் ஞாபக சக்தி எனக்குத் தெரியும், கல்யாண நாளையே மறந்தவன் நீ.

கரண்டு வெட்டு வந்தா யுபிஎஸ்ஸ நம்பி வேல பாக்காத. அது குடுக்குற பத்து நிமிசம் சேவ் பண்ணி மூடுறதுக்கு, மொய்க்கணக்கு எழுதி முடிக்கிறதுக்கில்ல. 2012ல பகல்ல பாதி கரண்டே இல்லாத காலத்துல ஊரே இன்வெர்ட்டர் வாங்குச்சு. ஒங்கப்பாவும் வாங்குனாரு, அந்தா கெடக்கு. அதுக்கப்பறமும் கரண்டு போனா ஏன் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகுது? ஃபேனும் லைட்டும் கொஞ்சம் தாமதமா மாறினாலும் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. இன்வெர்ட்டர் முதுகுல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், நார்மல், யுபிஎஸ்னு ரெண்டு பக்கம். அத யுபிஎஸ் பக்கம் தள்ளு. இம்புட்டு வருசமா அங்கதான் இருக்கு. நூலாம்படை மூடியிருக்கு, வேறொண்ணுமில்ல.

இன்னொரு புகார் சொன்னயே, கேபினெட்டத் தொட்டா சுருசுருங்குதுன்னு. அதுக்கு ஒன் பொண்டாட்டி பேய்னு சொல்லுச்சாம், நீ மின்காந்த சக்தின்னு வெளக்கம் குடுத்தயாம். ரெண்டு பேரும் நல்ல ஜோடி. அது எர்த் இல்லாத கொடும மாப்ளே. எஸ்எம்பிஎஸ்னு சொல்ற பவர் சப்ளைக்குள்ள கரண்டு வர்ற எடத்துல, வடிகட்டின்னு ரெண்டு கெப்பாசிட்டர் பேஸ், நியூட்ரல் ரெண்டுலருந்தும் தகரப் பெட்டிக்குப் போகுது. எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குள்ள எறங்கிரும். இல்லன்னா 230 வோல்ட்டுல கிட்டத்தட்டப் பாதி அந்தத் தகரத்துல நின்னுக்கிட்டே இருக்கும். கரண்டு சொற்பந்தான், ஆள அடிக்காது, சுருசுருங்கும். மழ நாள்ல ஆத்தங்குடிக் கல்லு ஈரம் பூத்திருக்கும், அதுல வெறுங்காலோட நின்னா நல்லாவே தெரியும். அந்தக் கசிவு பிரிண்டர் யுஎஸ்பி ஒயரு வழியா அங்கிட்டு இங்கிட்டு ஓடித்தான் போர்ட்டக் காவு வாங்குது. ஒரே வருசத்துல ரெண்டு போர்ட்டு போச்சுன்னயே, அது சைனாக்காரன் சதியில்ல.

இந்த வீட்டு எர்த் குழி எங்க? கெணத்தடியில. கரியும் உப்பும் அடுக்கி, கொழாய் எறக்கி, மேல தண்ணி ஊத்தி வப்போம். நம்ம பக்கம் செம்பொறை மண்ணு, கோடையில காஞ்சு கல்லாப் போயிரும். காஞ்ச மண்ணுல கரண்டு எறங்காது. மாசத்துக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்தச் சொன்னா, ஒங்கப்பா அதுமேல துணி தொவைக்கிற கல்லப் போட்டு வச்சாரு. ஒயர்மேன வச்சு டெஸ்ட் லேம்ப் போட்டுப் பாத்துக்க. நீயா பாக்காத. ஒனக்கு இன்னும் பேஸ் எந்தப் பக்கம் வரும்னே தெரியல. எர்த் கெடைக்கலன்னு சொல்லி நியூட்ரலயும் எர்த் பின்னையும் பிளக்குக்குள்ளயே முடிச்சுப் போட்டுட்டுப் போற புண்ணியவானும் இருக்காய்ங்க. அப்பறம் நியூட்ரல் அந்துச்சுன்னா தகரப்பெட்டியில முழு 230ம் வந்து ஒக்காந்திரும். அப்ப சுருசுருங்காது, ஆளையே முடிச்சிரும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லன்னா? பக்கத்துக் கடைத் தம்பி நேத்து ஓடி வந்தான், மதர்போர்டு போச்சு மாமான்னு. போயிப் பாத்தா, பின்னாடி எஸ்எம்பிஎஸ் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. கூட்டுன பொம்பள தொடப்பம் தட்டிருச்சு. சுவிட்சுக்குப் பக்கத்துல பழைய பெட்டிகள்ல செவப்பா ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும், 115, 230ன்னு. ஒன் மகன் அங்க கைய வைக்காமப் பாத்துக்க. 115ல தள்ளி ஆன் பண்ணா கடைக்கே தீபாவளி.

அது எல்லாம் சரின்னா, பவர் ஒயரக் கழட்டு, முன் சுவிட்ச அரை நிமிசம் அமுக்கிப் புடி, மிச்சம் மீதி கரண்டு எறங்கட்டும், மறுபடி மாட்டு. பாதி கேசு இதுலயே எந்திரிக்கும். சுத்துற ஃபேனு சுத்துது, திரை மட்டும் வரல, பீப் பீப்னு கத்துதா? ராமக் கழட்டி, தங்கமாத் தெரியுற காலுகளப் பள்ளிக்கூடப் பிள்ளைக ரப்பர வச்சுத் தேய்ச்சு, தூசியத் தட்டி, கிளிக்குனு ரெண்டு பக்கமும் காது மடங்குற வரைக்கும் அமுக்கு. இதுக்கு மெக்கானிக் ஐநூறு வாங்கிட்டு "ராம் சர்வீஸ்"னு பில்லு போடுவாரு. ரப்பருக்கு அஞ்சு ரூவா. எப்ப ஆன் பண்ணாலும் தேதி பின்னாடி போயிருதா, எந்த அரசாங்க வெப்சைட்டும் பாதுகாப்பில்லன்னு தொறக்க மாட்டேங்குதா? போர்டுல காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, மூணு வோல்ட்டு. மாத்திட்டு தேதியச் சரி பண்ணு. போன மாசம் நீ இதுக்குத்தான் இன்டர்நெட்காரன்கிட்ட சண்டை போட்ட, ஞாபகம் இருக்கா? பாவம் அந்தப் பையன்.

டீ வந்துருச்சு. சர்க்கரை கம்மின்னேன், பாகு காச்சிக் கொண்டாந்திருக்கான்.

இப்ப பிரிண்டர். கரண்டெல்லாம் சரியாகி நாளைக்கு அமுக்குவ, தாளு வராது. ஒடனே என்ன பண்ணுவ? திரும்ப அமுக்குவ. வரல. திரும்ப அமுக்குவ. வாக்குச்சாவடியில கூட ஒரு தடவதான் அமுக்க விடுறான், நீ இங்க ஆத்திரத்தத் தீத்துக்குவ. அப்பறம் மத்தியானம் என்னமோ நடந்து வழி தொறக்கும். ஒரே ஹால் டிக்கெட் வந்துக்கிட்டே இருக்கும். அந்தப் பையன் பரீச்சையே எழுதி முடிச்சிருப்பான்.

எனக்கென்னப்பா தெரியும், எம்பேத்தி கோயம்புத்தூர்ல இதே வேலையா இருக்கா, அவ சொன்னா. நீ அமுக்குறது நேராப் பிரிண்டருக்குப் போகல. நடுவுல ஸ்பூலர்னு ஒருத்தன் இருக்கான். வர்ற வேலைய வாங்கி வரிசையில போட்டு ஒண்ணொண்ணா அனுப்புறவன். மொத வேலை கோணிக்கிச்சுன்னா அவன் அதையே புடிச்சுக்கிட்டு நிப்பான், பின்னாடி உள்ளதெல்லாம் தேங்கிரும். நீ ஒவ்வொரு தடவ அமுக்குறப்பவும் வரிசைய நீளமாக்குற. மொதல்ல வரிசையத் தொறந்து எல்லாத்தையும் கேன்சல் பண்ணு. போகலயா? சர்வீசஸ்னு தட்டி, அதுல பிரிண்ட் ஸ்பூலர நிறுத்து. சி டிரைவுல விண்டோஸ், அதுக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ்னு ஒரு ஃபோல்டர். உள்ள இருக்கத அழி. ஃபோல்டர அழிச்சுப்புடாத, உள்ள இருக்கத மட்டும். அப்பறம் ஸ்பூலரத் திரும்ப ஓட விடு. ஒரே ஒரு தடவ பிரிண்ட் குடுத்துட்டுக் கையக் கட்டிக்கிட்டு நில்லு. கையக் கட்டுறதுதான் ஒனக்குக் கஷ்டம்.

அந்த ஸ்பூலரச் சாதாரணமா நெனைக்காத. 2010ல ஸ்டக்ஸ்நெட்னு ஒரு வைரஸ் ஈரான் நத்தான்ஸ் அணு ஆலையச் சுழற்றி அடிச்சுதே, அது கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவுறதுக்குப் பயன்படுத்துன ஓட்டைகள்ல இந்த ஸ்பூலர் ஓட்டையும் ஒண்ணு. 2021 ஜூலையில மறுபடி ஒரு ஓட்டை, அதுக்கு பிரிண்ட்நைட்மேர்னு பேரு வச்சாய்ங்க. மைக்ரோசாஃப்ட் அவசர அவசரமா அடைச்சுச்சு. செப்டம்பர்ல இன்னும் கொஞ்சம் இறுக்கி அடைச்சுச்சு. அடைச்ச அடையில, ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டி நாலு பேரு பங்கு போட்ட பிரிண்டரெல்லாம் ஒலகம் பூரா படுத்துருச்சு. அப்ப நீ அப்டேட்டத் திட்டுன பாரு, அந்த ஒரு தடவ மட்டும் ஒன் வாயில உண்மை வந்துச்சு. அத வச்சுக்கிட்டு அதுக்கப்பறம் எல்லாத்துக்கும் அப்டேட்டையே திட்டுற.

பிரிண்டர் பேருக்குப் பக்கத்துல ஆஃப்லைன்னு மங்கலாத் தெரிஞ்சா, மெனுவுல யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்ல டிக் விழுந்திருக்கான்னு பாரு. பிரிண்டர் பேரு ரெண்டு தடவ வந்து, ஒண்ணுல காப்பி 1ன்னு இருந்தா, யுஎஸ்பி ஒயர நீ வேற ஓட்டையில மாத்திச் சொருவிருக்கன்னு அர்த்தம். விண்டோஸ் அதப் புது பிரிண்டர்னு நெனச்சுப் புதுசாப் பேரு வச்சிருச்சு. வேல பூரா இல்லாத பழைய பிரிண்டருக்குப் போகுது. அமுக்குனா தாளு வராம, எங்க சேவ் பண்ணனும்னு பெட்டி தொறக்குதா? பிரிண்ட் டு பிடிஎஃப் டிஃபால்ட்டா இருக்கு. டெஸ்க்டாப்புல பாரு, ஒரே பத்திர நகலு எத்தன கெடக்குன்னு. எல்லாம் நீ பெத்ததுதான்.

எச்பி லேசர்ஜெட் 1020 வச்சிருக்க. நல்ல மாடு, ஆனா சொந்த மூளை கெடையாது. ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் கம்ப்யூட்டர்லருந்துதான் தன் புத்திய ஏத்திக்கும். லைட்டு எரிஞ்சும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தா, பிரிண்டர மட்டும் அணைச்சுப் போடு. உள்கட்டுல வச்சிருக்கயே ஜெராக்ஸும் சேந்த வைஃபை மிஷினு, அதுல ஜெராக்ஸ் நல்லா வருதுல்ல? அப்ப அந்த மிஷினுக்குச் சீக்கில்ல. கோளாறு நடுவுல. சுண்ணாம்பும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு எழச்ச ரெண்டடிச் சுவரு மூணு தாண்டி வைஃபை போகணும்னா எப்படிப் போகும்? திருடனுக்கே போக முடியாத சுவரு. யுஎஸ்பி ஒயரும் அஞ்சு மீட்டருக்கு மேல எடுபடாது. லேன் ஒயரு போடு, 100 மீட்டர் வரைக்கும் கவலை இல்ல. ரவுட்டர்ல அந்த பிரிண்டருக்கு ஒரே முகவரி நிரந்தரமா இருக்க மாதிரி வச்சிரு, இல்லாட்டி கரண்டு போய் வந்தா அது முகவரி மாறும், கம்ப்யூட்டர் பழைய வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நிக்கும்.

தாளு மாட்டுறதுக்கு வருவோம். ஐப்பசி மழையில பேப்பர் கட்டப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருவ. ஈரத்த இழுத்த தாளு சுருண்டு, உள்ள ரெண்டு ரெண்டாப் போய்ச் சிக்கும். எடுக்க வேண்டியத மட்டும் எடு, மிச்சத்தக் கவர்ல மூடு, போடுறதுக்கு முன்ன ஒரு விசிறு விசிறு. தாளையே இழுக்கலன்னா உள்ள ரப்பர் உருளை வழுவழுன்னு ஆயிருக்கும், பிரிண்டர அணைச்சுட்டு ஈரத்துணியால தொடை. சிக்குனா கார்ட்ரிட்ஜ வெளிய எடுத்துட்டு, ரெண்டு கையாலயும் தாளு போற தெசையிலயே மெதுவா இழு. போனவாட்டி கத்திரிக்கோல உள்ள விட்ட. பிரசவமாய்யா பாக்குற?

பக்கத்துக்குப் பக்கம் அழுக்குப் புள்ளி விழுதுன்னயே, அந்தத் தாளக் குடு. ஸ்கேல எடு. மொதப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எம்புட்டு? ஏழரை சென்டிமீட்டர். அடுத்ததுக்கு? அதே ஏழரை. ஒன் மிஷினுல போடுற 12ஏ கார்ட்ரிட்ஜுல, டிரம் ஒரு சுத்து சுத்துனா 75 மில்லிமீட்டர். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு புள்ளின்னா டிரம்முல ஒரு எடத்துல காயம். மேலருந்து கீழ நேர்கோடு விழுந்தா டிரம்முல கீறல், இல்ல வழிக்கிற பிளேடு தேஞ்சிருக்கு. எழுத்து கையால தேச்சா உதிருதுன்னா சூட்டு உருளையில கோளாறு. நீ என்னடான்னா எல்லாத்துக்கும் ரீஃபில் பண்ற தம்பிய வரச்சொல்லி பொடி ரொப்புற. அவரும் ரொப்பிட்டுப் போறாரு. டிரம்ம வெளிச்சத்துல வச்சுக்கிட்டு அரைமணி நேரம் அரசியல் பேசுனா அதுவும் கெட்டுரும், அவருகிட்ட சொல்லு. இங்க் டேங்க் பிரிண்டர் வாங்குற ஆசை இருந்தா, வாரம் ஒருக்கா கலர்ல ஒரு பக்கம் எடுக்கத் தெம்பிருக்கான்னு பாத்துக்க. சும்மா கெடந்தா மை காஞ்சு தல அடைச்சுக்கும்.

ஜாம் ஆனா கோபம் வரத்தான் செய்யும். 1980 வாக்குல அமெரிக்காவுல எம்ஐடில ஸ்டால்மன்னு ஒருத்தர். அவுக லேசர் பிரிண்டர் வேற மாடியில இருந்துச்சு. அடிக்கடி சிக்கும். நடந்து போய்ப் பாத்தாத்தான் சிக்கியிருக்கதே தெரியும். சிக்குனா தகவல் வர்ற மாதிரி நிரல மாத்திக்கிறேன், மூலநிரலக் குடுங்கன்னு இன்னொரு யுனிவர்சிட்டியில இருந்த ஆளுகிட்டக் கேட்டாரு. தர மாட்டேன், ஒப்பந்தம் போட்டிருக்கேன்னுட்டான். அந்தக் கடுப்பு உள்ள கெடந்து, 1983ல குனுன்னு ஒரு திட்டத்த அறிவிச்சு, கட்டற்ற மென்பொருள்னு ஒரு இயக்கத்தையே கெளப்பிட்டாரு. கோபம் வந்தா அப்படி வரணும். நீ மண்டையில அடிச்சு மூடியோட கீல ஒடைச்சது மட்டுந்தான் மிச்சம், இப்ப ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்க.

கோடை இடி இடிக்கிறப்ப சுவிட்ச அணைச்சுட்டேன்னு நிம்மதியா இருக்காத. பிளக்கையே உருவு. இன்டர்நெட் ஒயரையும் உருவு, செம்பு ஒயரா இருந்தா இடி அந்த வழியாவும் உள்ள வரும்.

சரி, ஸ்குரூ டிரைவரக் குடு, என்னோடது. போன தடவ வாங்குனத இன்னும் திருப்பல. நாளைக்குப் பராமரிப்பு மின்தடைன்னு பேப்பர்ல போட்டிருக்கான், ஒம்பது மணிக்குப் போனா சாயங்காலந்தான் வரும். அதுக்குள்ள எனக்கு அந்தக் கழனிவாசல் எடத்துப் பட்டாவும் சிட்டாவும் வேணும். பிரிண்டர சுவத்துல மாட்டிட்டயா? எடு. ரெண்டு ரெண்டு காப்பி, ஒருதடவதான் அமுக்கணும். காசா? ஒயர்மேன் கூலில கழிச்சுக்க. கழிச்சதுபோக மிச்சம் நீதான் தரணும், எழுதி வச்சுக்க.